மாதவிடாய் நின்ற பிறகு நடை: எத்தனை நிமிடம், எந்த வேகம்

நடவு வேலை இயந்திரத்துக்கும், களையெடுப்பு வேலை மருந்துக்கும் போய்விட்ட பிறகு, டெல்டாவில் ஐம்பதைக் கடந்த பெண்கள் பலருக்கு உடம்பு வியர்க்கும் வேலை குறைந்துவிட்டது. "நாள் முழுக்க நின்னுக்கிட்டேதானே இருக்கேன்" என்பார்கள். உண்மைதான். ஆனால் கோலம் போடுவதிலும் பாத்திரம் துலக்குவதிலும் நெஞ்சுத் துடிப்பு ஏறி, அரைமணி நேரம் அப்படியே நிற்பதில்லை. புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டும் அழற்சியை, அதாவது உடம்புக்குள் வெளியே தெரியாமல் புகையும் வீக்கத்தை (இன்ஃப்ளமேஷன்), குறைக்க அந்த அரைமணிதான் வேண்டும்.

மாதவிடாய் நின்றதும் சினைப்பையில் ஈஸ்ட்ரோஜன் சுரப்பு ஏறக்குறைய ஓய்ந்துவிடும். அதன்பின் உடம்பில் இருக்கும் ஈஸ்ட்ரோஜனில் பெரும்பகுதி கொழுப்பில்தான் உருவாகிறது. கொழுப்பு கூடினால் அதுவும் கூடும், இன்சுலினும் கூடும். வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு, அழற்சியைத் தூண்டும் பொருள்களையும் ஓயாமல் ரத்தத்தில் விட்டுக்கொண்டிருக்கும். காய்ச்சலோ வலியோ காட்டாத இந்த மெல்லிய அழற்சி, மிகுந்த ஈஸ்ட்ரோஜன், மிகுந்த இன்சுலின் மூன்றும் சேரும்போது மார்பகம், கருப்பை உட்சவ்வு, பெருங்குடல் ஆகிய இடங்களில் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுகிறது.

அழற்சியை அளக்க சி.ஆர்.பி. என்ற ரத்தப் பரிசோதனை உண்டு. கனடாவின் ஆல்பர்ட்டாவில் மாதவிடாய் நின்ற 320 பெண்களை வைத்து ஓராண்டு ஆய்வு நடந்தது. வாரம் 225 நிமிட உடற்பயிற்சி என்ற இலக்கோடு பயிற்சி செய்தவர்களுக்கு சி.ஆர்.பி. இறங்கியது. ஆனால் அமெரிக்காவின் சியாட்டிலில் எடை கூடிய 439 பெண்களிடம் நடந்து 2012-இல் வெளியான ஆய்வையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சாப்பாட்டைக் குறைத்து எடை இறக்கியவர்களுக்கு சி.ஆர்.பி. சுமார் 36 சதவீதமும், அதோடு உடற்பயிற்சியும் செய்தவர்களுக்குச் சுமார் 42 சதவீதமும் குறைந்தன. உடற்பயிற்சி மட்டும் செய்தவர்களுக்குப் பெரிய மாற்றமில்லை. இரண்டையும் வைத்துப் பார்த்தால், நடந்துவிட்டு வந்து இரண்டு வடையும் சர்க்கரை போட்ட காபியும் எடுத்துக்கொண்டால் நடையின் பலனில் பெரும்பங்கு போய்விடும். இந்த ஆய்வுகள் அளந்தது ரத்தத்தை. புற்றுநோய் குறைவதைக் காட்டுபவை, ஆயிரக்கணக்கானோரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த வேறு ஆய்வுகள்.

அளவுக்கு வருவோம். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னது வாரம் 150 முதல் 300 நிமிடம், மிதமான வேகத்தில். நாங்கள் சொல்லும் இலக்கு நாளுக்கு 45 நிமிடம், வாரம் ஐந்து நாள். எடுத்த எடுப்பில் அங்கே போகாதீர்கள். முதல் இரண்டு வாரம் காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம். அடுத்த இரண்டு வாரம் பதினைந்து பதினைந்தாக. இரண்டாம் மாதம் ஒரே மூச்சில் முப்பது. மூன்றாம் மாதம் நாற்பத்தைந்து. முதல் ஐந்து நிமிடமும் கடைசி ஐந்து நிமிடமும் மெதுவாக.

வேகத்துக்குக் கருவி வேண்டாம். கூட வருபவரிடம் பேச முடிய வேண்டும். ஒரு கும்மிப் பாட்டை மூச்சு வாங்காமல் பாட முடிந்தால் வேகம் போதாது. மணிக்கட்டில் நாடி பார்க்கத் தெரிந்தால், 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். அறுபது வயதில் 100 முதல் 120 வரை இருக்கலாம். ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் தரும் அட்டெனோலால், மெட்டோபிரோலால் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்குத் துடிப்பு அவ்வளவாக ஏறாது. அவர்கள் பேச்சை மட்டும் வைத்து முடிவு செய்யட்டும்.

எங்கே நடப்பது என்பது நம் ஊரில் சின்ன விஷயம் அல்ல. வரப்பு வேண்டாம், கணுக்கால் பிசகும், இருட்டில் பாம்பு பயம் வேறு. அறுவடைக் காலத்தில் சாலையில் நெல் காயும், லாரி ஒதுங்க இடம் இருக்காது. திருவாரூர் கமலாலயம், கும்பகோணம் மகாமகக் குளம் மாதிரி பெரிய குளக்கரை இருந்தால் நல்லது. ஒரு சுற்றுக்கு எத்தனை நிமிடம் என்று பார்த்துவைத்துக்கொண்டால் தினமும் கடிகாரம் பார்க்க வேண்டாம். சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்கள் கோயில் பிரகாரத்தில் வெறுங்காலில் வேகநடை போகவே கூடாது. கல் சுட்டாலும் முள் குத்தினாலும் தெரியாது, புண்ணாகும். ரப்பர் செருப்பும் சரிப்படாது: குதிகால் வலிக்கும், மழையில் வழுக்கும். காலுறையோடு கேன்வாஸ் ஷூ போட்டு, சேலையைக் கணுக்கால் தெரிய ஏற்றிக் கட்டுங்கள்.

கத்திரி வெயிலில் காலை ஏழுக்குள் முடித்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில்தான் பலர் விட்டுவிடுகிறார்கள், தை வரை திரும்புவதே இல்லை. மழை நாளில் கூடத்திலேயே முழங்காலை இடுப்பளவுக்கு உயர்த்தி நின்ற இடத்தில் நடக்கலாம், பத்துப் பத்து நிமிடமாக மூன்று தடவை. மூட்டுவலிக்காரர்கள் நாற்காலியில் உட்கார்ந்தபடி செய்யலாம். நடந்ததால் கூடிய வலி மறுநாள் காலையிலும் இருந்தால் நேரத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள், நிறுத்த வேண்டாம்.

இன்சுலினோ, கிளிமிபிரைடு என்ற சர்க்கரை நோய் மாத்திரையோ எடுப்பவர்கள் மூன்று தேக்கரண்டி சர்க்கரையை மடித்துக் கையில் வைத்திருங்கள். ரத்தத்தில் சர்க்கரை இறங்கிக் கை நடுங்கி வியர்த்தால் உடனே வாயில் போட்டுக்கொண்டு உட்காருங்கள். நெஞ்சு அழுத்தம், தாடையிலோ இடது கையிலோ வலி என்றால் 108.

பலனை வயிற்றில் அளக்கலாம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, மூச்சை விட்ட பிறகு, மாதம் ஒருமுறை. 80 சென்டிமீட்டருக்கு மேலே இருந்தால் ராத்திரிச் சோற்றைக் குறையுங்கள். 65 கிலோ இருப்பவருக்கு மூன்றேகால் கிலோ, அதாவது 5 சதவீதம், குறைந்தாலே கணிசமான பலன். சி.ஆர்.பி. எல்லோருக்கும் தேவையில்லை. எடுப்பதானால் சளி, காய்ச்சல், பல்வலி இருக்கும்போது வேண்டாம். எண் ஏறித்தான் வரும், நடையால் பயனில்லை என்று தப்பாகப் படும்.

நடை எட்டாத இடங்களும் உண்டு. வெற்றிலையோடு போடும் புகையிலை மட்டுமல்ல, பாக்கே வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம். எத்தனை சுற்று நடந்தாலும் அது ஈடாகாது. கருப்பை வாய்ப் புற்றுநோய் எச்.பி.வி. என்ற வைரஸால் வருவது. அதற்குப் பரிசோதனைதான் காப்பு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். மாதவிடாய் நின்று ஓராண்டு கடந்தபின் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், மார்பில் வலிக்காத கட்டி தட்டுப்பட்டாலும், சூடு என்று சொல்லி நாளைக் கடத்தாமல் அந்த வாரமே மருத்துவரிடம் போங்கள்.