சன்னியில் மிதித்ததும் பிக்கப் வர: த்ராட்டில் ரீலேர்ன் செய்யும் முறை

"அண்ணே, மிதிச்சா ஒரு நொடி நின்னுட்டுத்தான் கிளம்புது. சிக்னல்ல பின்னாடி நிக்கறவன் ஹாரன் அடிச்சுக்கிட்டே இருக்கான்." போன மாதம் 2013 மாடல் நிசான் சன்னி பெட்ரோல் காரோடு வந்த தம்பி சொன்னது இது. வேறொரு ஒர்க்‌ஷாப்பில் என்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியையே மாற்றச் சொல்லி எஸ்டிமேட் கொடுத்திருந்தார்கள். அதற்குக் காற்று கொண்டுபோகும் குழாயான ஏர் டக்டைக் கழற்றிப் பார்த்தேன். காற்றுக்குக் கதவு போலத் திறந்து மூடும் பட்டர்ஃபிளை தகட்டின் விளிம்பு முழுக்கக் கருப்பாகப் பிசின் போல கார்பன். துடைத்து, ரீலேர்ன் செய்து, அதாவது தகட்டின் நிலையைக் காருக்கு மறுபடி கற்றுக்கொடுத்து அனுப்பினேன். ஒரு பாகமும் வாங்கவில்லை.

படப்பையில் கடை வைத்திருக்கிறேன். இந்தக் கார்கள் தயாரான ஒரகடம் ஆலை பக்கத்திலேயே இருப்பதால் சன்னியும் மைக்ராவும் எனக்குப் பழகிய வண்டிகள். கீழே சொல்வது பெட்ரோல் சன்னிக்கு. வேறு கம்பெனி காருக்கு முறை வேறு, இதை அப்படியே செய்யாதீர்கள்.

இந்தக் காரில் ஆக்சிலேட்டர் கேபிள் கிடையாது. எவ்வளவு மிதித்தோம் என்பதைப் பெடல் சென்சார் என்ஜினின் கம்ப்யூட்டரான இ.சி.எம்.முக்குச் சொல்லும், அது ஒரு சின்ன மோட்டாரை வைத்துத் தகட்டைத் திறக்கும். கார்பன் படியப் படிய உள்ளே போகும் காற்று குறையும். ஐட்லிங், அதாவது பெடலை மிதிக்காதபோது என்ஜின் ஓடும் வேகம், விழாமலிருக்க இ.சி.எம். தகட்டைக் கூடுதலாகத் திறந்து வைக்கப் பழகிவிடும். துடைத்த பிறகும் அந்தப் பழைய கணக்கிலேயே திறந்தால் காற்று அதிகமாகி ஐட்லிங் எகிறும். அதனால் துடைத்ததோடு வேலை முடியாது. பெடலுக்கும் தகட்டுக்கும் பூஜ்ஜியம் எது என்று அதற்கு மறுபடி சொல்லிக்கொடுக்க வேண்டும். இதனால் என்ஜினுக்குப் புதிதாகப் பவர் வராது, இழந்த பிக்கப் மட்டும் திரும்பும். ஆனால் பெடலோடு மாட்டும் பூஸ்டர் பெட்டிக்குப் பணம் செலவழிக்கும் முன் இதைச் செய்து பாருங்கள் என்று எல்லோரிடமும் கெஞ்சாத குறையாகச் சொல்கிறேன்.

முதலில் டிரைவர் பக்க மேட்டை எடுத்து வெளியே போடுங்கள். மேட்டின் நுனி பெடலை ஒரு நூல் அழுத்தினாலும் அந்தத் தப்பான இடத்தையே கார் பூஜ்ஜியமாகக் கற்றுக்கொள்ளும்.

துடைக்கும்போது சாவி காரில் இருக்கக் கூடாது, சட்டைப் பையில் இருக்கட்டும். யாராவது ஆன் செய்தால் மோட்டார் தகட்டைச் சட்டென்று அசைக்கும், விரல் நசுங்கிவிடும். த்ராட்டில் கிளீனரைத் துணியில் அடித்துத் துடையுங்கள், உள்ளே நேராகப் பீய்ச்ச வேண்டாம். தகட்டை அழுத்தித் திருப்பினால் உள்ளே உள்ள பல்சக்கரம் போய்விடும். டக்டைத் திரும்ப மாட்டி கிளாம்பை இறுக்குங்கள்.

இனி பெடல். காலை எடுத்துவிட்டு சாவியை ஆன் செய்து 2 நொடி, ஆஃப் செய்து 10 நொடி. இன்னொரு முறை அதேபோல. ஆஃப் செய்ததும் பானெட் பக்கம் காதை வைத்தால் தகடு அசையும் 'ஸ்ஸிக்' என்ற சத்தம் கேட்கும். தகட்டின் மூடிய நிலையை அந்த 10 நொடியில்தான் இ.சி.எம். பதிந்துகொள்கிறது. பட்டன் ஸ்டார்ட் வண்டியில் பிரேக்கையோ கிளட்சையோ தொடாமல் இருமுறை அழுத்தினால் ஆன்.

அடுத்தது ஐட்லிங் காற்றைக் கற்றுக்கொடுப்பது. பலரும் கோட்டை விடுவது இதில்தான். வண்டியை 20 நிமிடம் ஓட்டிச் சூடாக்குங்கள், கூலன்ட் 70 டிகிரிக்கு மேல், 100க்குள் இருக்க வேண்டும். ஐட்லிங்கில் பேட்டரியை மல்டிமீட்டரில் பாருங்கள், 12.9 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். ஏ.சி., விளக்கு, பாட்டு எல்லாம் ஆஃப், ஸ்டீயரிங் நேராக, கியர் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் போட்டு.

என்ஜினை நிறுத்தி 10 நொடி விடுங்கள். ஸ்டார்ட் செய்யாமல் ஆன் மட்டும் செய்து 3 நொடி. பிறகு 5 நொடிக்குள் 5 முறை பெடலைத் தரை வரை மிதித்து முழுதாக விட வேண்டும். 7 நொடி சும்மா இருங்கள். மறுபடி தரை வரை மிதித்துப் பிடித்துக்கொள்ளுங்கள். செக் என்ஜின் லைட் சிமிட்டும், 20 நொடி வாக்கில் சிமிட்டுவதை நிறுத்தி நின்று எரியும். எரிந்த 3 நொடிக்குள் காலை எடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். 20 நொடி ஐட்லிங்கில் விட்டு, இரண்டு மூன்று தரம் ரெய்ஸ் செய்யுங்கள்.

நேரத்தை மனக்கணக்கில் எண்ணாதீர்கள். என் பையன் போனில் ஸ்டாப்வாட்ச் வைத்து உரக்கச் சொல்வான், நான் மிதிப்பேன். அப்படியும் முதல் தடவையே அமைந்துவிடாது. நான்கு முறை செய்து ஐந்தாவதில் பிடிபட்ட வண்டிகள் உண்டு.

எத்தனை முறை செய்தும் லைட் சிமிட்டவே இல்லையென்றால் ஸ்கேனர் போட்டுப் பாருங்கள். பி2138 என்ற கோளாறு எண் வந்தால் பெடலில் உள்ள இரண்டு சென்சாரும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. ரீலேர்ன் அதைச் சரி செய்யாது, பெடல் கனெக்டரையும் வயரிங்கையும் பார்க்க வேண்டும். சிமிட்டி முடிந்தும் ஐட்லிங் இறங்கவில்லையென்றால் எங்கோ ஏர் லீக். டக்ட் கிளாம்பிலிருந்து தேட ஆரம்பியுங்கள்.

எல்லாம் ஆனபின் ஏ.சி.யைப் போட்டுப் பாருங்கள். ஆர்.பி.எம். முள் ஒரு முறை அசைந்து அப்படியே நிற்க வேண்டும்.