அத்திவாரம் வெட்டுமுன்: திருகோணமலையில் வீடு கட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிழக்கில் பெண் பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு வீடு கட்டும் வேலை ஒருமுறையோடு முடிவதில்லை. மூத்தவளுக்குக் கீழ்வீடு, இளையவளுக்கு மேல்மாடி, இடம் மிஞ்சினால் பின்வளவில் இன்னொன்று என்று அது நீண்டுகொண்டே போகும். வீட்டைச் சீதனமாகக் கொடுக்கும் வழக்கம் தொடரும்வரை ஒரே வளவில் இரண்டு குடும்பம் என்பதும் தொடரத்தான் செய்யும். அதில் பிழை ஏதுமில்லை. ஆனால் அப்படிக் கட்டும்போது வரும் சிக்கல்களைப் பார்த்தால், பெரும்பாலானவை ஒரே இடத்தில் தொடங்குவது தெரியும். நாம் சுவருக்கு உள்ளே இருப்பதை மட்டும் யோசித்து வரைகிறோம். கட்டிட விதிகளோ சுவருக்கு வெளியே விட வேண்டியதைத்தான் அதிகம் பேசுகின்றன.

இந்த விதிகளின் அடிப்படை 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம். அதன் கீழ் 1986இல் திட்டமிடல், கட்டிட ஒழுங்குவிதிகள் வந்தன. 2021 ஜூலையில் புதிய ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வெளியாயின. இதற்கெல்லாம் முந்தியது 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம். 'ஊருக்குள் வீடு கட்ட எதற்கு இத்தனை சட்டம்' என்று கேட்பவர்களுக்கு அந்த ஆண்டே பதில். அடுத்த வீட்டுக்குக் காற்றும் வெளிச்சமும் போக வேண்டும் என்பது நூறு ஆண்டுகளுக்கு மேலாக இந்த நாட்டில் சட்டமாக இருக்கிறது.

முதல் தவறு, எந்தக் காணியில் நிற்கிறோம் என்று பாராமல் வரைபடம் கீறக் கொடுப்பது. உவர்மலையில் வளவு இருந்தால் அனுமதிக்குப் போக வேண்டியது நகரத்தின் சபைக்கு. உப்புவெளி என்றால் பட்டினமும் சூழலும் பிரதேச சபை. நிலாவெளி என்றால் குச்சவெளிப் பிரதேச சபை. அதைவிட முக்கியம் காணியின் வகை. உறுதிக் காணி என்றால் உறுதியும் நில அளவைப் படமும் போதும். அரசு தந்த பேர்மிட் காணியோ அளிப்புக் காணியோ என்றால் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் குறுக்கே நிற்கும். பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் அந்தக் காணியைப் பிள்ளைகளுக்குத் துண்டாடிக் கொடுக்க முடியாது. நடுவே வேலி போட்டுவிட்டால் துண்டாகிவிட்டது என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

துண்டாடும் கணக்கு

இதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அதிகக் கண்ணீர் வருவது இங்கேதான். பொதுவாக ஒரு வீட்டுத் துண்டு 150 சதுர மீற்றருக்குக் குறையக் கூடாது. ஒரு பேர்ச்சஸ் 25.29 சதுர மீற்றர். ஆகவே ஏறத்தாழ 6 பேர்ச்சஸ். பத்துப் பேர்ச்சஸ் வளவை இரண்டு மகள்களுக்கு ஐந்தைந்தாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 126 சதுர மீற்றர்தான் வரும். இரண்டு துண்டுமே விதிக்குள் வராது.

'எங்களிடம் பன்னிரண்டு பேர்ச்சஸ் இருக்கிறது, சரியாக ஆறு ஆறு' என்பார்கள். வீதியோரம் 12 மீற்றர், உள்ளே 25 மீற்றர் சொச்சம் போகும் வளவு என்று வைத்துக்கொள்வோம். பின்துண்டுக்குப் போக ஒழுங்கை வேண்டாமா? ஓரிரு வீட்டுக்கான ஒழுங்கை என்றாலும் 3 மீற்றர் அகலம் விட வேண்டும். முன்துண்டின் முழு நீளத்துக்கும், அதாவது 12.65 மீற்றருக்கு, அதை விட்டால் 38 சதுர மீற்றர் ஒழுங்கைக்கே போய்விடுகிறது. மிச்சத்தை எப்படிப் பங்கிட்டாலும் தலைக்கு 133 சதுர மீற்றருக்கு மேல் தேறாது. அயலவரின் ஒழுங்கையால் போய்வரலாம் என்று வாய்ப்பேச்சில் ஒப்புக்கொள்வது தகப்பன்மார் உயிரோடு இருக்கும்வரைதான் செல்லும். பாதை உரிமை உறுதியிலும் நில அளவைப் படத்திலும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

ஆகவே பன்னிரண்டு பேர்ச்சஸோ அதற்குக் குறைவோ உள்ள வளவில் காணியைப் பிரிக்காமல் மாடியாகக் கட்டுவதே நல்லது என்பது என் முடிவு. ஆனால் மாடிக்கும் தன் கணக்கு உண்டு. 'மேல்மாடியை இளையவளுக்கு எழுதிவிடலாம்' என்று கல்யாணப் பேச்சிலேயே வாக்குக் கொடுத்துவிடுகிறார்கள். காணி ஒன்றாகவும் வீடு மேலும் கீழுமாகவும் இருக்கும்போது மேல்மாடிக்கு மட்டும் தனி உறுதி எழுத வேண்டுமானால், 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி கூட்டாதனத் திட்டம், அதாவது ஒரே காணியிலுள்ள வீடுகளைத் தனித்தனி உடைமையாகக் காட்டும் படம், பதிவாக வேண்டும். அதற்கு மாடிப்படி, வாசல், தண்ணீர்த் தாங்கி, மலக்குழி ஆகியவற்றில் எது பொது, எது யாருடையது என்று அளந்து காட்ட வேண்டும். கூடத்துக்குள்ளே ஏறும் மாடிப்படியை வைத்துக் கட்டிவிட்டு, பத்து ஆண்டு கழித்து இதைச் செய்வது மிகவும் கடினம். படியை முதலிலேயே தனி வாசலோடு வைத்துவிடுங்கள். அதை எல்லை மதிலோடு ஒட்டி வைக்காதீர்கள். பக்கவெளிக்குள் நீளும் படி, அடுத்த வீட்டுக் குசினியை நேராகப் பார்க்கும் மேடையாக மாறும். சண்டை அங்கிருந்துதான் தொடங்கும்.

பின்வெளி

குடியிருப்பு வளவில் கட்டிடம் மூடக்கூடிய பரப்பு பொதுவாக 65 சதவீதம். ஆறு பேர்ச்சஸ் துண்டில் அது ஏறத்தாழ 98 சதுர மீற்றர். பின்பக்கம், ஒரு மாடி வரையுள்ள வீட்டுக்கு 2.3 மீற்றர், அதாவது ஏழரை அடி, வானம் பார்க்க விட வேண்டும். அதற்குமேல் உயர்ந்தால் 3 மீற்றர். உங்கள் பகுதிக்கான வலயத் திட்டம் வேறாகச் சொன்னால் அதுவே செல்லும்; ஆகவே சபையில் முதலில் பூர்வாங்கத் திட்டமிடல் அனுமதி கேட்டு, கணக்கை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வரைபடத்தில் இந்த ஏழரை அடி எப்போதும் இருக்கும். வீடு குடிபுகுந்து இரண்டு மழை போனபின் பாருங்கள். விறகு நனைகிறது என்று நாலு தகரம் போடுவார்கள். தகரத்துக்குக் கீழே வெளிக்குசினி வரும். பிறகு அதற்கு அரைச்சுவர், அதன்பின் முழுச்சுவர், கடைசியில் ஒரு குளியலறை. கூரையின் நுனி மதிலைத் தாண்டி அடுத்த வளவுக்குள் நீண்டிருக்கும். மார்கழி மழை முழுவதும் அந்தக் கூரைத் தண்ணீர் அயலவரின் சுவரில் விழும். உங்கள் கூரை நீரை உங்கள் வளவுக்குள்ளேயே இறக்க வேண்டும். பீலி வைத்துத் தாங்கிக்கோ கானுக்கோ கொண்டுபோக வேண்டும். நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தில் மழைநீர் சேகரிப்பு 2007ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு வந்துவிட்டது. ஆடி, ஆவணியில் கிணறு வற்றும் இந்த மாவட்டத்துக்கு அதைவிடப் பொருத்தமான விதி வேறில்லை.

பின்வெளியை மூடும்போது இழப்பது அயலவரின் காற்றை மட்டுமல்ல. ஓர் அறையின் தரைப்பரப்பில் ஏழில் ஒரு பங்காவது யன்னலாக இருக்க வேண்டும், அது திறந்த வெளியைப் பார்க்க வேண்டும் என்பது விதி. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைக்கு 17 சதுர அடிக்குச் சற்று மேல் வரும். நாலுக்கு நாலு யன்னல் ஒன்று வைத்தால் 16தான். ஒரு சதுர அடி குறைகிறது. அந்த ஒரே யன்னலும் தகரக் கொட்டகைக்குள் திறந்தால், சித்திரை வெயிலில் அந்த அறையில் யாரும் படுக்க முடியாது. எல்லையில் எழுப்பும் சுவரில் யன்னலே வைக்க முடியாது. பக்கத்துக் காணி வெறும் பற்றையாக இருக்கிறது என்று நம்பி வைத்த யன்னலை, நாளை அவர் தன் மதிலை உயர்த்தினால் நீங்களே கல்லடுக்கி மூட வேண்டி வரும்.

கிணறும் குழியும்

திருகோணமலைக்கே உரிய தவறு இது. கரையோர மணல்நிலத்தில் நிலத்தடி நீர் மிக மேலே நிற்கும். அலஸ்தோட்டத்திலோ சாம்பல்தீவிலோ ஆவணியில் மலசலகூடக் குழி வெட்டும்போது அடியில் காய்ந்த மணல் வரும். மேசன் 'நல்ல இடம்' என்று சொல்லி ஆழமாக இறக்குவார். மார்கழியில் அதே குழியின் பாதிக்கு நிலத்தடி நீர் ஏறி நிற்கும். மலசலகூடத்துத் தண்ணீர் அப்போது மண்ணில் வடிகட்டப்படாமல் நேரே கிணற்று நீரோடு கலக்கிறது. ஆகவே குழியின் ஆழத்தை வெயில்காலத்து மட்டத்தை வைத்துத் தீர்மானிக்கக் கூடாது. வடகீழ்ப் பருவமழை உச்சத்தில், உங்கள் கிணற்றில் நீர் எந்த வளையத்துக்கு ஏறுகிறது என்று பார்த்து அடையாளமிடுங்கள். உறிஞ்சு குழியின் அடி அதற்கு நன்றாக மேலே நிற்க வேண்டும். ஆழத்தைக் குறைத்து அகலத்தைக் கூட்டுவதே மணல்நிலத்துக்கு ஏற்ற வழி.

செப்டிக் தாங்கிக்கு அடித்தளம் போடாமல் விடுவது இன்னொரு கெட்ட பழக்கம். 'நிரம்பாது, காசு மிச்சம்' என்பார்கள். நிரம்பாததற்குக் காரணம், அது எல்லாவற்றையும் நிலத்துக்குள் விட்டுக்கொண்டிருப்பதுதான். தாங்கி நீர் கசியாததாகவும், அதிலிருந்து வெளியேறும் நீர் மட்டும் உறிஞ்சு குழிக்குப் போவதாகவும் இருக்க வேண்டும். குழிக்கும் கிணற்றுக்கும் இடையே 50 அடி, அதாவது 15 மீற்றர் வேண்டும். இதில் பலர் மறப்பது அயலவரின் கிணற்றை. உங்கள் கிணற்றிலிருந்து 50 அடி தள்ளி, மூலையில் குழி வெட்டியிருப்பீர்கள். அந்த மூலைக்கு மறுபுறம் மதிலோடு அடுத்த வீட்டுக் கிணறு இருக்கும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கேட்குமுன் நீங்களே மதிலுக்கு அப்பால் எட்டிப் பார்த்து, மூன்று பக்கத்துக் கிணறுகளையும் வரைபடத்தில் குறிக்கச் சொல்லுங்கள். சிறு துண்டில் இரண்டு குடும்பம் என்றால் கிணற்றை மறந்து குழாய் நீரோடு இருப்பதுதான் பலருக்கு மிஞ்சும் வழி.

கடல், வீதி, கோட்டை

1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டப்படி, உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். நகரமே கடலுக்குள் நீண்டு கிடக்கும் நிலம் என்பதால், கடல் கண்ணுக்குத் தெரியாத ஒழுங்கை வீடுகளும் அதற்குள் விழுவதுண்டு. சபையின் அனுமதி கரையோரத் திணைக்களத்தின் அனுமதிக்கு ஈடாகாது. 2004 சுனாமிக்குப் பின் வடக்கு கிழக்கில் 200 மீற்றர் தடை என்று அறிவித்துப் பிறகு மாற்றினார்கள். அந்தப் பழைய கதையை வைத்து 'இப்போது தடை இல்லை' என்று தரகர் சொல்வதைக் கேட்டுக் காணி வாங்காதீர்கள்.

கண்டி வீதி, நிலாவெளி வீதி போன்ற பெருவீதிகளின் ஓரத்தில் வீதிக் கோடு, கட்டிடக் கோடு என்று இரண்டு உண்டு. முன்னது வீதி அகலிக்கப்போகும் எல்லை. பின்னது உங்கள் சுவர் தொடங்கக்கூடிய எல்லை. மேல்மாடியின் பல்கனியும் இதற்குக் கட்டுப்பட்டதே. பிரெட்ரிக் கோட்டைப் பக்கமோ கன்னியாப் பக்கமோ கட்டுவோர் தொல்பொருள் திணைக்களத்திடமும் முன்கூட்டியே கேட்க வேண்டும்.

கடைசியாக, கடதாசி. அபிவிருத்தி அனுமதிப் பத்திரத்துக்குக் காலவரம்பு உண்டு. வெளிநாட்டுக் காசு வர வரக் கட்டுபவர்கள் காலம் முடியுமுன் நீடிப்பு எடுப்பதில்லை. அனுமதி இல்லாமலோ அனுமதிக்கு மாறாகவோ கட்டினால், வேலையை நிறுத்தச் சொல்லி அறிவித்தல் கொடுக்கவும், கேளாவிட்டால் நீதவான் நீதிமன்றத்தில் இடிப்புக் கட்டளை பெறவும் நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் 28அ பிரிவு இடமளிக்கிறது. கட்டும்போது மனம் மாறுவது இயல்பு. அறையைப் பெருப்பித்தால் திருத்திய வரைபடத்தை அப்போதே சபைக்குக் கொடுத்துவிடுங்கள், கூரை போட்டபின் அல்ல. வேலை முடிந்ததும் தொழில்நுட்ப உத்தியோகத்தரைக் கூட்டிவந்து அளந்து காட்டி, அனுமதித்தபடியே கட்டியதை உறுதிசெய்யும் இணக்கச் சான்றிதழ் எடுங்கள். சோலைவரி கட்டும் துண்டு அதற்குப் பதிலாகாது. இளையவளின் மேல்மாடிக்காக நீங்கள் மறுபடி சபைக்குப் போகும்போது, கீழ்வீட்டின் அந்தச் சான்றிதழைத்தான் முதலில் கேட்பார்கள்.