ஸ்போர்ட்ஸ் மேனேஜ்மென்ட் படிப்பும் வேலை தேடலில் நடக்கும் தவறுகளும்

"இந்தப் படிப்பை ஏன் எடுத்தீங்க?" என்று கேட்டால் பெரும்பாலும் வரும் பதில், "சின்ன வயசுலேர்ந்தே கிரிக்கெட்னா உயிர் சார்." தப்பில்லை. ஆனால் இது போட்டிகளையும் அணிகளையும் நிர்வகிக்கும் வேலை, மேட்ச் நடக்கும்போது மேட்ச் பார்க்க முடியாத வேலை. சேப்பாக்கத்தில் தோனி இறங்கும்போது மொத்த ஸ்டேடியமும் எழுந்து நிற்கும். நீங்கள் வெளியே கேட்டில், பார்க்கிங் பாஸ் இல்லாமல் வந்த ஸ்பான்சரின் விருந்தாளியைச் சமாதானப்படுத்திக்கொண்டு இருப்பீர்கள். இது பிடிக்குமா என்று யோசிக்காமல் சேருவதுதான் முதல் தவறு.

அடுத்தது, படிப்புகளைக் குழப்பிக்கொள்வது. பள்ளியில் பி.டி. வாத்தியார் ஆக பி.பி.எட். என்ற உடற்கல்விப் பட்டம் வேண்டும். கோச் ஆக விரும்புகிறவர்கள் பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தின் (என்.ஐ.எஸ்.) டிப்ளமோவை நோக்கிப் போவார்கள். ஸ்போர்ட்ஸ் மேனேஜ்மென்ட் எம்.பி.ஏ. இந்த இரண்டுக்கும் மாற்று ஆகாது. இதைக் கடைசி செமஸ்டரில் தெரிந்துகொள்ளும் பிள்ளைகளைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

ஒரே லீக்கை நம்பி உட்கார்வது இன்னும் பெரிய தவறு. ஐபிஎல் நடப்பது ஏறக்குறைய இரண்டு மாதம். அதற்காக எடுக்கப்படும் ஆட்களில் நிறையப் பேருக்கு வேலையும் அவ்வளவுதான். கால்பந்தைப் பாருங்கள். இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) போட்டியை நடத்திய நிறுவனத்துக்கும் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கும் இருந்த ஒப்பந்தம் முடியப்போகிறது என்று 2025 ஜூலையில் அடுத்த சீசனையே நிறுத்தி வைத்தார்கள். அடுத்த மாதமே பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்குத் தடைச் சட்டம் வந்தது. இந்திய கிரிக்கெட் அணியின் சட்டையிலிருந்து ஸ்பான்சரான ட்ரீம்11 பெயர் போனது. நிஜ வீரர்களை வைத்துக் கற்பனை அணி அமைத்து ஆடும் ஃபேன்டஸி கேம் கம்பெனி அது. ஃபேன்டஸி கேம் கம்பெனிகளையே குறிவைத்துத் தயாரானவர்களுக்கு ஒரே வாரத்தில் கதவு சாத்தப்பட்டது. கபடி, ஹாக்கி, ஸ்குவாஷ், செஸ் என்று இன்னும் இரண்டு விளையாட்டுகளின் நிர்வாகமாவது தெரிந்திருக்க வேண்டும்.

செஸ் என்றதும் 2022 மாமல்லபுரம் ஒலிம்பியாட் ஞாபகம் வருகிறது. ரஷ்யாவில் நடக்கவேண்டியது, மார்ச்சில் சென்னைக்குக் கிடைத்தது, ஜூலை 28-இல் தொடங்கிவிட்டது. நான்கு மாதம் சொச்சம்! 180-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து வருகிறவர்களுக்கு விசா, விமான நிலையத்தில் வரவேற்பு, ரூம், பஸ், சாப்பாடு, அடையாள அட்டை என எல்லாம் அதற்குள் நடக்கவேண்டும். செஸ் காய் நகர்த்தத் தெரியாதவர்களும் இந்த வேலைகளைச் செய்யலாம். "சம்பளம் இல்லாத வாலண்டியர் வேலைக்கு எதுக்குப் போகணும்" என்று இப்படிப்பட்ட வாய்ப்பை விடுகிற மாணவர்கள் இருக்கிறார்கள். இந்தத் துறையில் காலி இடங்கள் நாளிதழில் வருவது குறைவு. போன முறை பஸ் விஷயத்தைச் சொதப்பாமல் பார்த்துக்கொண்ட பையனைத்தான் திரும்பக் கூப்பிடுவார்கள். அதற்காக வருஷக்கணக்கில் சும்மா உழைக்க வேண்டாம். இரண்டு மூன்று போட்டிகள் போதும். அப்புறம் பேட்டாவாவது எவ்வளவு என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

வீரர்களுக்காக ஒப்பந்தம் பேசும் பிளேயர் ஏஜென்ட் ஆகும் ஆசை எல்லோருக்கும் உண்டு. ஃபோன் நம்பர்கள் கையில் இருந்தால் போதும் என்று நினைப்பது தவறு. கால்பந்தின் உலக அமைப்பான ஃபிஃபா, ஏஜென்ட் உரிமத்துக்கான தேர்வை 2023-இல் திரும்பக் கொண்டுவந்துவிட்டது: 20 கேள்வி, ஒரு மணி நேரம், 75 சதவீதம் எடுத்தால்தான் பாஸ். ஒப்பந்தத்தை வரிக்கு வரி படிக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு இது சரிப்படாது.

யாரும் திரும்பிப் பார்க்காத வேலைகளும் இருக்கின்றன. ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் போட்டிகளில் ஆட உரிமம் வாங்க வேண்டுமானால், நிதி, ஊடகம், பாதுகாப்பு ஆகியவற்றுக்குப் பொறுப்பான ஆட்கள் இருக்கிறார்கள் என்று கிளப் காட்ட வேண்டும். டிக்கெட் விற்பனை, மைதானப் பராமரிப்பு, ஊக்கமருந்துச் சோதனை, வீடியோ பகுப்பாய்வு என்று நீளும் பட்டியல் இது. பட்ஜெட்டை எக்செலில் போடத் தெரிந்தவர், சுற்றி வளைக்காமல் மெயில் எழுதத் தெரிந்தவர், கொஞ்சம் இந்தியும் பேசுகிறவர் என்றால் வெறும் ரசிகரைவிட நாலடி முன்னால் நிற்பார்.

இன்னும் கல்லூரியில் சேராதவர்களுக்கு ஒன்று. பிராஸ்பெக்டஸில் இருக்கும் அணி லோகோக்களைப் பார்த்து ஃபீஸ் கட்டிவிடாதீர்கள். போன வருஷம் படித்து முடித்தவர்கள் நாலைந்து பேரின் நம்பரை வாங்கி, இப்போது என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள். ஏப்ரலில் கேட்காதீர்கள், ஐபிஎல் ஓடும்போது எல்லோரும் வேலையில்தான் இருப்பார்கள். அக்டோபரில் கேளுங்கள்.