யாரையும் எழுந்து நிற்க வைக்காதீர்கள்: கல்லூரியில் சம வாய்ப்பு மையத்தை நடத்துவது எப்படி?

ஜூன் மாதம் கல்லூரி திறந்ததும் குழுக்களின் பட்டியல் ஒட்டப்படும். பின்தங்கிய பிரிவு மாணவர்களுக்குத் துணைநிற்கும் குழுவான சம வாய்ப்பு மையத்தின் ஒருங்கிணைப்பாளர் என்ற இடத்தில் உங்கள் பெயர் இருந்தால், உடனே உறுதிமொழி நாளுக்குத் தேதி குறிக்காதீர்கள். பேனர் அச்சடிக்கவும் கொடுக்காதீர்கள். முதல் சில நாள்கள் வகுப்பறைகளில் உதவித்தொகை அறிவிப்பு எப்படி வாசிக்கப்படுகிறது என்று மட்டும் கவனியுங்கள்.

“எஸ்.சி., எஸ்.டி. மாணவர்கள் எழுந்து நில்லுங்கள்.” நான் இதைக் கேட்டுத்தான் பட்டம் படித்தேன். வடசென்னையின் வியாசர்பாடியில் வளர்ந்து, இப்போது தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் பொருளியல் கற்பிக்கிறேன். இங்கும் அதே குரல் கேட்டது. சொல்லும் ஆசிரியருக்குக் கெட்ட எண்ணம் இருப்பதில்லை. விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் நெருங்கியிருக்கும், அவ்வளவுதான். ஆனால் எழுந்து நிற்கிற பெண் அந்த நிமிடத்தில் அறுபது பேர் முன்னிலையில் தன் சாதியைச் சொல்லியாக வேண்டியிருக்கிறது. சிலர் எழுவதே இல்லை. தமக்குரிய பணத்தை விட்டுவிட்டு உட்கார்ந்தே இருக்கிறார்கள். எனக்கு ஆறவே ஆறாத விஷயம் இது.

பல்கலைக்கழக மானியக் குழு 2012-இல் கொண்டுவந்த சமத்துவ விதிமுறைகளைத் தேடி எடுத்துப் படியுங்கள். மாணவரின் சாதி, பழங்குடி, மதம், பகுதி ஆகியவற்றை வகுப்பில் அறிவிப்பதும், இட ஒதுக்கீட்டில் வந்தவர் என்று அடையாளம் ஒட்டுவதும் பாகுபாட்டின் வடிவங்களாகவே அதில் சொல்லப்பட்டிருக்கின்றன. அந்தப் பக்கத்தை நகலெடுத்துத் துறைத்தலைவர்களுக்குக் கையில் கொடுங்கள். உங்கள் சொந்தக் கருத்தாகச் சொன்னால் விவாதம் வரும். விதியாகக் காட்டினால் வழக்கம் மாறும்.

கூடவே மாற்று வழியையும் கொடுக்க வேண்டும். எங்கள் கல்லூரியில் ஒரே தாளில் எல்லாத் திட்டங்களையும் போட்டு வகுப்பில் உள்ள அனைவருக்கும் கொடுக்கிறோம். ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினருக்கான உதவித்தொகைகள், மாற்றுத்திறனாளி உதவித்தொகை, புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் எல்லாம் அதில் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் என்ன சான்றிதழ், வருமான வரம்பு எவ்வளவு, கடைசி நாள் எது, எந்த அறையில் யாரைப் பார்ப்பது என்று எழுதியிருக்கும். யார் எதற்கு விண்ணப்பிக்கிறார் என்பது அவருக்கும் அலுவலகத்துக்கும் மட்டும் தெரிந்தால் போதும். புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று நம் பிராட்வே பாரதி மகளிர் கல்லூரியில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய். பிறகு அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் விரிவாக்கினார்கள். பணம் வரவில்லை என்று ஒரு மாணவி சொன்னால், வங்கிக் கணக்கோடு ஆதார் இணைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

உதவித்தொகை வந்து சேர மாதங்கள் ஆகலாம். அதற்குள் தேர்வு நுழைவுச்சீட்டு நாள் வந்துவிடும். “முதலில் கட்டணத்தைக் கட்டு, உதவித்தொகை வந்ததும் எடுத்துக்கொள்” என்று அலுவலகச் சாளரத்தில் சொல்வார்கள். அந்தச் சாளரத்தில் நிற்பவரின் பின்னால் எப்போதும் ஒரு வரிசை நின்று கேட்டுக்கொண்டிருக்கிறது என்பதை மறக்காதீர்கள். ஆகவே ஜூலையிலேயே முதல்வரிடம் ஒரு சுற்றறிக்கையில் கையெழுத்து வாங்கிவிடுங்கள்: உதவித்தொகை நிலுவையில் உள்ள எவருக்கும் நுழைவுச்சீட்டு மறுக்கப்படாது, பெயர்ப் பட்டியலை மையம் அலுவலகத்துக்கு நேரடியாக அனுப்பும். தனித்தனியாகப் பரிந்துபேசுவதைவிட இந்த ஒற்றைத் தாள் அதிகம் வேலை செய்யும்.

வருகைப் பதிவேடு அடுத்தது. காசிமேட்டில் மீன் ஏலம் விடியலுக்கு முன்பே தொடங்கிவிடும். அம்மாவோடு கூடையிறக்கிவிட்டு வருகிற பையன் முதல் மணிக்குப் பத்து நிமிடம் பிந்துவான். “ஏன் லேட்?” என்று வாசலில் நிறுத்திக் கேட்டால், அவன் பொய் சொல்வான் அல்லது வராமலே இருந்துவிடுவான். 75 சதவீத வருகை விதியை நீங்கள் மாற்ற முடியாது. காரணத்தைத் தனியாகக் கேட்கச் சொல்ல முடியும்; இரண்டு ஷிஃப்ட் நடக்கிற கல்லூரியாக இருந்தால், ஆண்டுத் தொடக்கத்தில் ஷிஃப்ட் மாற்றிக்கொள்ள ஒரு வாய்ப்புக் கேட்டு வாங்க முடியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர்ப் பக்கம் வீடுகளுக்குள் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் புகுந்தது. அப்படி ஒரு வாரம் வந்தால், விடுபட்ட அகமதிப்பீட்டுத் தேர்வை மறுபடி எழுத எல்லோருக்கும் பொதுவாக ஒரு நாள் குறியுங்கள். “யார் வீட்டில் தண்ணீர் வந்தது, கை தூக்குங்கள்” என்று கேட்கத் தேவையே இல்லை.

மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான வேலையில்தான் மையங்கள் மிகவும் பின்தங்குகின்றன என்பது என் கணிப்பு. ஒரு சாய்தளம் கட்டிப் படம் எடுத்ததோடு முடித்துக்கொள்கிறோம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீதத்துக்குக் குறையாத இடங்களை ஒதுக்கச் சொல்கிறது. இவற்றில் பல குறைபாடுகள் கண்ணுக்குத் தெரியாதவை. காது சரியாகக் கேட்காதவர், எழுத்துகள் குழம்புகிறவர், ரத்தக் கோளாறு உள்ளவர் வகுப்பில் எவர் கண்ணிலும் படமாட்டார்கள். சேர்க்கை விண்ணப்பத்தோடு ஒரு தனித்தாள் வையுங்கள்: “உங்களுக்குக் கல்லூரி என்ன செய்து தர வேண்டும்?” குறைபாட்டின் பெயரைக் கேட்பதைவிட இந்தக் கேள்விக்குத்தான் பயன்படும் பதில்கள் வருகின்றன. படிக்கட்டு ஏற முடியாதவரின் வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றுவது கால அட்டவணை தயாராகும் முன்பே நடக்க வேண்டும்.

பார்வையற்ற மாணவருக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி பாடக்குறிப்புகளில் இருக்கிறது. என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பு மென்பொருள் இலவசம். தமிழையும் படித்துக் காட்டும். ஆனால் வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த குறிப்புகளை அதனால் தமிழாகப் படிக்க முடியாது, பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக உளறும். படமாக வருடிய பக்கங்களில் படிக்க அதற்கு எதுவுமே இல்லை. எல்லாக் குறிப்புகளும் எந்தக் கணினியும் தமிழாகவே அறியும் பொதுக் குறியீடான யூனிகோடில் இருக்க வேண்டும் என்று ஆசிரியர் கூட்டத்தில் கேளுங்கள். பழைய கோப்புகளை மாற்றித்தர மாணவர் சிலரை அமர்த்துங்கள். தேர்வுக்கு மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் உண்டு. மூன்று மணிநேரத் தேர்வென்றால் ஒரு மணிநேரம். சொல்வதை எழுதுபவரைத் தேர்வன்று காலையில் தேடி ஓடக்கூடாது. பருவத் தொடக்கத்திலேயே பெயர்களைச் சேர்த்து வைத்து, தேர்வருக்கு முன்கூட்டியே அறிமுகப்படுத்துங்கள்.

திருநங்கை, திருநம்பி மாணவர்களைப் பற்றி ஒன்று. 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் அவர்களுடைய பாலின அடையாளத்தை அங்கீகரித்தது. கல்லூரிப் படிவத்தில் ஒரு கட்டம் கூடியிருக்கும். கழிவறை? எங்கள் கல்லூரியில் ஒரு தனிக் கழிவறை இருந்தது, சாவி அலுவலகத்தில் தொங்கியது. போய்க் கேட்டால்தான் கிடைக்கும்; கேட்பதே அறிவிப்பதாகிவிடும். பூட்டை எடுக்க வைத்தோம். இப்போது அதை யாரும் பயன்படுத்தலாம். சான்றிதழில் பெயர் மாற நாளாகலாம், வகுப்பில் அழைக்கும் பெயரை நாளைக்கே மாற்றலாம். சானிட்டரி நாப்கின் பெட்டிக்கும் பூட்டு வேண்டாம்.

பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழுவின் அமைப்பைச் சரிபாருங்கள். தலைவராக மூத்த பெண் பேராசிரியர், உறுப்பினரில் குறைந்தது பாதிப்பேர் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர், மாணவர் தொடர்பான வழக்கென்றால் தேர்ந்தெடுக்கப்பட்ட மூன்று மாணவப் பிரதிநிதிகள். புகார்ப் பெட்டி முதல்வர் அறை வாசலில், கேமராவுக்குக் கீழே இருந்தால் அதில் எதுவும் விழாது. நூலகத்துக்குள் மாற்றுங்கள்.

வளாக நேர்காணலுக்கு நிறுவனங்கள் வரும்போது, மாணவர் பட்டியலிலிருந்து முகவரி, தந்தையின் தொழில் ஆகிய பத்திகளை நீக்கச் சொல்லுங்கள். வியாசர்பாடி, புளியந்தோப்பு என்று படித்ததும் முகம் மாறுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். என் முதல் நேர்காணலில் பாடம் பற்றிக் கேட்பதற்கு முன்பு எங்கள் பகுதியின் ரவுடிகளைப் பற்றிக் கேட்டார்கள். வேலைக்குத் தேர்வான பிறகு முகவரி கேட்டால் போதும்.

“நாங்கள் சாதியே பார்ப்பதில்லை, எல்லோரும் சமம்தானே” என்று சக ஆசிரியர்கள் சொல்வார்கள். அவர்களோடு வாதாடி நேரத்தைக் கழிக்காதீர்கள். அலுவலகத்திலிருந்து மூன்று ஆண்டுகளின் சேர்க்கைப் பதிவேட்டை வாங்கி, ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் மூன்றாம் ஆண்டு வரை வந்தார்கள் என்று எண்ணுங்கள். எஸ்.சி., அருந்ததியர், எஸ்.டி., மிகப் பிற்படுத்தப்பட்டோர், இஸ்லாமியர், மாற்றுத்திறனாளி, ஆண், பெண் என்று பிரித்தே எண்ண வேண்டும். பெயர் எதுவும் இருக்கக்கூடாது. வகுப்பில் எழுப்பி நிறுத்துவது ஒருவரை அம்பலப்படுத்துகிறது, தாளில் பெயரின்றி எண்ணுவது கல்லூரியைக் கேள்வி கேட்கிறது. அந்த அட்டவணையை ஆசிரியர் கூட்டத்தில் வைத்துவிட்டு, எந்தத் துறையில் அதிகம் பேர் நின்றுபோனார்களோ அந்தத் துறையின் தலைவரோடு மறுநாள் தனியாக உட்கார்ந்து பேசுங்கள். நின்றுபோனவர்களில் திரும்பி வரக்கூடியவர்கள் யார் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். அவர்களின் கைபேசி எண்களை அவரிடமே வாங்கிக்கொள்ளலாம்.