சாங்கியில் இறங்கியதும் சறுக்கும் கதாநாயகன்: வெளிநாட்டுத் துப்பறியும் கதையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் தொடங்கிய கொலை வழக்கு சிங்கப்பூருக்குப் போகிறது. அங்கே துப்பறிபவரின் சொந்தக் குடும்பமே வழக்குக்குள் வந்துவிடுகிறது. புதிதாகத் திரில்லர் எழுத வருபவர்கள் பலரும் கையில் எடுக்கும் கரு இது. நல்ல கருதான். ஆனால் பிரதிகளைப் படித்தால் எல்லோரும் ஒரே பள்ளத்தில் விழுந்திருக்கிறார்கள். முன்னால் எழுதியவர்கள் விழுந்து எழுந்த அதே பள்ளம். டாலர் கணக்கு, தெருப்பெயர், எம்.ஆர்.டி. ரயில் நிலையம் போன்ற பிழைகளை இங்கே விட்டுவிடலாம். நல்ல எடிட்டர் ஒரே நாளில் சரிசெய்துவிடுவார். கதையையே சாய்த்துவிடும் தவறுகள்தான் கவலைக்குரியவை.

அதிகாரம் விமானம் ஏறாது

ஒரு பிரதியில் வந்த காட்சி. தமிழ்நாட்டு இன்ஸ்பெக்டர் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்குகிறார். மறுநாள் லிட்டில் இந்தியா பகுதியான தேக்காவில் சந்தேக நபரை மடக்கி, ஐ.டி. கார்டைக் காட்டி, விடுதி அறைக்கு இழுத்துப்போய் நாலு அறை விட்டு வாக்குமூலம் வாங்குகிறார். அடுத்த விமானத்தில் கையில் விலங்கோடு அந்த ஆள் சென்னைக்கு வருகிறான். நடை வேகமாக இருந்தது, உரையாடல் நன்றாக இருந்தது. ஆனால் அந்த அத்தியாயத்தோடு கதை முடிந்துவிட்டது. சிங்கப்பூர்ச் சட்டப்படி அந்த அறையில் நடந்தது அடைத்துவைத்தல், தாக்குதல், கடத்தல். கதையில் இப்போது குற்றவாளி இன்ஸ்பெக்டர்தான்.

இதைச் சொன்னால் "கதைதானே சார், விடுங்க" என்று பதில் வருகிறது. அந்தப் பதில்தான் இன்றுவரை எரிச்சலூட்டுகிறது. வாசகர் பூதத்தை நம்புவார், கதையின் விதி மாறாதவரை. சென்னை அத்தியாயங்களில் எஃப்.ஐ.ஆர்., ரிமாண்ட், மகஜர் என்று நுணுக்கமாக எழுதிவிட்டு, கடல் தாண்டியதும் எல்லாவற்றையும் காற்றில் விட்டால், அதுவரை நம்பியவர் ஏமாந்ததாக உணர்வார்.

நடைமுறை இதுதான். வெளிநாட்டில் நம் போலீஸ்காரர் ஒரு சுற்றுலாப் பயணி. கைது, சோதனை, பறிமுதல், விசாரணை எதற்கும் அவருக்கு அதிகாரமில்லை. அங்கே சாட்சியம் வேண்டுமென்றால் விசாரணை அதிகாரி இங்குள்ள நீதிமன்றத்தில் மனு போட வேண்டும். நீதிமன்றம் அந்த நாட்டுக்குக் கோரிக்கைக் கடிதம் அனுப்பும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 166-ஏ பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 112-வது பிரிவு. கடிதம் மத்திய உள்துறை வழியாகப் போகும். அங்குள்ள அதிகாரிதான் கேள்வி கேட்பார். அவர்கள் அனுமதித்தால் நம்மவர் ஓரமாக உட்காரலாம். இதற்கெல்லாம் மாதக்கணக்கில் ஆகும், சில வழக்குகளில் வருடக்கணக்கில்.

"இன்டர்போல் வந்து பிடித்துவிட்டது" என்பதும் கிடையாது. பிரான்சின் லியோனில் தலைமையகம் வைத்திருக்கும் இன்டர்போலுக்குக் கைதுசெய்யும் படை இல்லை. ரெட் நோட்டீஸ் என்பது ஆளைத் தேடிக் காவலில் வைக்கச்சொல்லி உறுப்பு நாடுகளுக்குப் போகும் வேண்டுகோள். அதற்கு என்ன மதிப்பு என்பதை அந்தந்த நாட்டுச் சட்டம் தீர்மானிக்கும். இந்தியத் தரப்பில் அந்தத் தொடர்பைப் பார்ப்பது சி.பி.ஐ.

இனி வாக்குமூலம். நம் நாட்டில் போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக ஏற்காது. டி.ஜி.பி.யிடமே கொடுத்தாலும் செல்லாது. சிங்கப்பூரில் சார்ஜன்ட் அல்லது அதற்கு மேற்பட்டவர் பதிவுசெய்தால் ஏற்கும். ஆனால் மிரட்டலோ ஆசைகாட்டலோ இருந்ததாக எதிர்த்தரப்பு சொன்னால், தானாகக் கொடுத்ததா என்பதை நீதிபதி தனியாக விசாரிப்பார். நம் இன்ஸ்பெக்டர் விட்ட நாலு அறைக்கு அங்கே என்ன விலை என்று யோசித்துப் பாருங்கள். கொலைகாரன் தப்பிக்க அது ஒன்றே போதும்.

இந்தத் தடைகளைக் கண்டு பயப்பட வேண்டாம், உங்கள் கதைக்கு விறுவிறுப்பு அங்கேதான் இருக்கிறது. உள்ளூர் அதிகாரி ஒருவரைக் கதைக்குள் கொண்டுவாருங்கள். கேள்விப் பட்டியல் மட்டும் நம்மவருடையதாக இருக்கட்டும், கேட்பவர் அவராக இருக்கட்டும். தமிழ் அங்கே நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று. மொழிபெயர்ப்பாளர் கிடைப்பார், ஆனால் எழுத்தில் பதிவாவது ஆங்கில வாக்குமூலம். "மச்சான்தான் என்னை அங்க கூட்டிட்டுப் போனான்" என்கிறான் சந்தேக நபர். அவன் சொன்னது அறை நண்பனை. தாளில் 'மனைவியின் சகோதரன்' என்று ஏறுகிறது. திரும்ப வாசித்துக் காட்டும்போது மறுபடி 'மச்சான்' என்றே அவன் காதில் விழுகிறது, கையெழுத்துப் போட்டுவிடுகிறான். தமிழ் அறிந்த நம் இன்ஸ்பெக்டருக்கு மட்டும் வித்தியாசம் தெரியும். ஆனால் அந்த அறையில் வாய் திறக்க அவருக்கு அனுமதி கிடையாது. அடிதடி இல்லாமலே பதற்றம் கிடைத்துவிட்டது.

கடைசியில் மகளைக் கடத்தாதீர்கள்

வழக்கு சொந்த விஷயமாக மாற வேண்டும் என்றதும் 38-வது அத்தியாயத்தில் மகளையோ தங்கையையோ கடத்திவிடுகிறார்கள். அதுவரை அந்தப் பெண் போனில் "சாப்டீங்களாப்பா" என்று கேட்டதோடு சரி. வாசகருக்கு அவளைத் தெரியாது, பயமும் வராது.

அறுபதாயிரம் சொல் நாவல் என்றால் முதல் பதினைந்தாயிரத்துக்குள் சொந்தத் தொடர்பின் முதல் இழை கண்ணில் பட்டுவிட வேண்டும். மேலே சொன்ன வாக்குமூலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சந்தேக நபரின் மனைவிக்குச் சகோதரன் ஒருவன்தான் என்று வைத்து, அந்த ஒருவனே நம் இன்ஸ்பெக்டர் என்றால்? தவறான மொழிபெயர்ப்பு அவரையே சம்பவ இடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது.

அதற்குப் பிறகு வரும் படிகளை வரிசையாக எழுதுங்கள். ஊரில் அவர் உடனே வழக்கிலிருந்து விலக்கப்படுவார். உறவை மறைத்தது தெரிந்தால் துறை விசாரணை. சிங்கப்பூரில் அவர் சாட்சி, ஒருவேளை சந்தேக நபர். கடப்பிதழை ஒப்படைக்கச் சொல்வார்கள் (பாஸ்போர்ட்டை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்). நாட்டில் தங்குவதற்கு ஸ்பெஷல் பாஸ் தருவார்கள். காலாவதி தேதியிட்ட அந்தத் தாளை மறுபடி மறுபடி நீட்டிக்க வேண்டும். கையில் வேலை இல்லை, விடுதி வாடகை ஏறுகிறது, ஊரில் மேலதிகாரி போனை எடுப்பதில்லை. வில்லன் இன்னும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

துப்பாக்கி

வேண்டாம். சிங்கப்பூரில் அனுமதியின்றி வைத்திருந்தாலே 5 முதல் 10 ஆண்டு சிறையும் குறைந்தது 6 பிரம்படியும். காயப்படுத்தும் நோக்கத்தோடு சுட்டால் தூக்கு.

தூதரகம்

சிங்கப்பூர், மலேசியா, இலங்கை, பிரிட்டன் போன்ற காமன்வெல்த் நாடுகளில் இந்தியத் தூதரகத்துக்கு ஹை கமிஷன் என்று பெயர். கைதானவரை வந்து பார்ப்பார்கள், குடும்பத்துக்குச் சொல்வார்கள், வக்கீல்கள் விவரம் தருவார்கள். வெளியே எடுக்க அவர்களால் முடியாது.

முந்நூற்றிரண்டு

சிங்கப்பூர்த் தண்டனைச் சட்டம் நம் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் வழி வந்தது. கொலைக்கு அங்கே இன்றும் 302-வது பிரிவு. இங்கேதான் பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 103 ஆகிவிட்டது. இரண்டையும் குழப்பாதீர்கள். கொல்லும் நோக்கம் நிரூபணமானால் அங்கே தூக்கு கட்டாயம். மற்ற வகைக் கொலைகளில் ஆயுள் தண்டனை கொடுக்கவும் நீதிபதிக்கு இடமுண்டு. ஜூரி கிடையாது.

தனியார் துப்பறிவாளர்

போலீஸ் வேண்டாம், தனியார் டிடெக்டிவ் என்று மாற்றினாலும் தப்பிக்க முடியாது. சிங்கப்பூரில் அந்தத் தொழிலுக்குப் போலீஸ் துறையின் உரிமம் வேண்டும். சென்னை ஏஜென்சிக்காரர் விசிட் பாஸில் (பார்வையாளர் அனுமதியில்) வந்து ஒருவரைப் பின்தொடர்ந்தால் அதுவே குற்றம்.

நேரக் கணக்கு

சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். இது எல்லோருக்கும் தெரியும், ஆனால் நள்ளிரவை ஒட்டிய காட்சிகளில் தேதியும் மாறும் என்பதை மறந்துவிடுகிறார்கள். அங்கே சனிக்கிழமை அதிகாலை 1.15, சென்னையில் வெள்ளி இரவு 10.45.

வாட்ஸாப் செய்திகளில் தெரியும் நேரம், பார்க்கும் போனின் நேர மண்டலப்படி மாறும். சிங்கப்பூரில் 1.15-க்கு வந்த செய்தியைச் சென்னைக்குத் திரும்பியபின் ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் 10.45 என்றே காட்டும். கொலை நேரத்தில் நான் வேறு இடத்தில் இருந்தேன் என்று அதை ஒருவன் நீட்டலாம். தெரியாமல் எழுதினால் இது ஓட்டை. தெரிந்து எழுதினால் ஒரு முழு அத்தியாயம். இரண்டு நேரங்களையும் ஒரே தாளில் பக்கத்துப் பக்கத்தில் எழுதிவைத்துக்கொண்டு ஒவ்வொரு காட்சியையும் சரிபாருங்கள்.

ஊருக்கு வந்த உடல்

இறந்தவரின் உடல் சென்னைக்கு வருகிறது, இரண்டாவது போஸ்ட்மார்ட்டத்தில் விஷம் கண்டுபிடிக்கப்படுகிறது. பிரதி தவறாமல் வரும் திருப்பம். வழக்கமாக விமானத்தில் வரும் உடல், கெடாமல் இருக்க எம்பாமிங் செய்யப்பட்டிருக்கும். இரத்தத்தை வெளியேற்றி ஃபார்மலின் கலந்த திரவத்தை ஏற்றியிருப்பார்கள். அந்தத் திரவத்தில் மெத்தனாலும் இருப்பதால் ஆல்கஹால் பரிசோதனை குழம்பும். சயனைடு போன்றவை ஏறக்குறைய அழிந்துவிடும். எலும்பு முறிவும் ஆழமான காயமும் அப்படியே தெரியும், ஆனால் கழுத்தருகே இரத்தக் குழாயைத் திறந்த வெட்டைக் கத்திக்குத்து என்று தவறாக எண்ண வாய்ப்புண்டு.

ஆகவே விஷம்தான் திருப்பம் என்றால், எம்பாமிங்குக்கு முன் அங்கே எடுத்த இரத்த மாதிரியை நம்பி எழுதுங்கள். அந்தக் குப்பி சிங்கப்பூர் ஆய்வகத்தில் இருக்கிறது. அதன் அறிக்கையைப் பெற மறுபடி நீதிமன்றக் கடிதம் வேண்டும், அதற்கு மனு போட வேண்டிய அதிகாரி உங்கள் கதாநாயகனுக்குப் பதிலாக வந்தவர்.