மதுரையிலிருந்து ராமேஸ்வரம், தனுஷ்கோடி: முதல் தடவை போகிறவர்களுக்கு இரண்டு நாள் திட்டம்

மதுரையிலிருந்து ராமேஸ்வரம் ஏறக்குறைய 170 கிலோமீட்டர். காலையில் கிளம்பி ராத்திரிக்குள் வீடு திரும்பிவிடலாம் என்று பலர் ஒரே நாளில் போய் வருகிறார்கள். அப்படிப் போனால் உச்சி வெயிலில் தனுஷ்கோடி, நடை சாத்திய நேரத்தில் கோயில் வாசல், இருட்டிய பிறகு பாம்பன் பாலம் என்றுதான் அந்த நாள் கழியும். ஒரு ராத்திரி தங்குங்கள். எல்லாம் அதனதன் நேரத்தில் கிடைக்கும்.

படி 1: காற்றைப் பார்த்து மாதத்தை முடிவு செய்யுங்கள்

தீவுக்கு வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. அங்கிருக்கும் மீனவர்கள் வடக்கே இருப்பதைப் பெண் கடல் என்றும் தெற்கே இருப்பதை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி இருப்பது அபூர்வம். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று அடிக்கும்; தெற்குக் கடல் பொங்கும், வடக்கே பெரும்பாலும் அலையே இருக்காது. அக்டோபரில் வாடைக்காற்று தொடங்கியதும் இது தலைகீழாகும். படகில் போவதா, குழந்தைகளைத் தண்ணீரில் இறக்குவதா, எந்தக் கரையில் உட்காருவது என எல்லாவற்றையும் இதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஜனவரி பாதியிலிருந்து மார்ச் வரை போவது நல்லது. ஏப்ரல், மே வெயில் தாங்க முடியாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் சின்னம் ஏதாவது உண்டா என்று பார்க்காமல் அறை போடாதீர்கள். ஆடி, தை, மகாளய அமாவாசைகளுக்குத் தர்ப்பணம் கொடுக்க ஊரே திரண்டு வரும். சுற்றிப் பார்க்க மட்டும் போகிறவர்கள் அந்த மூன்று நாட்களையும், அவற்றுக்கு முந்தின நாளையும் தவிர்க்க வேண்டும்.

படி 2: எதில் போவது

பேருந்து என்றால் மாட்டுத்தாவணி. ராமேஸ்வரத்துக்கு நேர்ப் பேருந்து நாள் முழுக்க உண்டு. நான்கு மணி நேரம் பிடிக்கும். கார் என்றால் மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம் வழி. காலை 5 மணிக்குக் கிளம்பினால் ராமநாதபுரத்தில் டிபன் சாப்பிட்டுவிட்டு 9 மணிக்கெல்லாம் பாம்பனில் இருக்கலாம்.

பாலத்துக்காகவே போகிறவர்கள் ரயிலில் போங்கள். 1914-ல் திறந்த பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுவிட்டது. அதன் பக்கத்திலேயே கட்டிய புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6-ல் திறக்கப்பட்டது. அதன் நடுவில் 72.5 மீட்டர் நீளமுள்ள ஒரு கண், அதாவது இரண்டு தூண்களுக்கு இடைப்பட்ட பகுதி, அப்படியே செங்குத்தாக மேலே போகும்; கப்பல் கீழே கடக்கும். பழைய பாலத்தில் இரண்டு பக்கக் கைகளும் பிரிந்து விரிந்தன. 1988-ல் வந்த சாலைப் பாலத்திலிருந்து புதுப் பாலத்தைப் பார்க்கலாம். ஆனால் பாலத்தின் மேல் காரை நிறுத்திப் படம் எடுக்காதீர்கள். பின்னால் வரும் பேருந்துக்கு ஒதுங்க இடமில்லை, விபத்து அப்படித்தான் நடக்கிறது. பாலம் இறங்கியதும் வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஓரமாக நடந்து வந்து பாருங்கள்.

படி 3: முதல் நாள் முற்பகல்

பாம்பனிலிருந்து தெற்கே திரும்பினால் குந்துகால். 1897 ஜனவரியில் விவேகானந்தர் கரையிறங்கிய இடம், நினைவு மண்டபம் உண்டு. எதிரே தெரிவது குருசடைத் தீவு. மன்னார் வளைகுடாவில் இப்படி 21 தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவில் அடங்கும். இங்கே வனத்துறை ஏற்பாட்டில் போகும் படகில் மட்டும் ஏறுங்கள். 'தீவுக்கே கூட்டிப்போகிறேன்' என்று தனியாக யாராவது கூப்பிட்டால் வேண்டாம். அனுமதி இல்லாமல் இறங்கினால் வழக்கு உங்கள் மேலும் வரும்.

ராமேஸ்வரம் போகிற வழியிலேயே பேய்க்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடம். ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். தங்கச்சிமடத்துக்குப் பக்கத்தில் வில்லூண்டி தீர்த்தம். உப்புக் கடலுக்குள் இருக்கும் கிணற்றில் நல்ல தண்ணீர். சிறு நடைபாலத்தில் போய் ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்க்கலாம். பத்து நிமிஷ வேலை, விட்டுவிடாதீர்கள்.

படி 4: கோயில் முதலா, தனுஷ்கோடி முதலா

கிடைப்பது ஒரே ஒரு விடியற்காலை. இரண்டு இடத்துக்கும் விடியற்காலைதான் பொருத்தம் என்பதால் இங்கேதான் திட்டம் குழம்பும். கோயிலின் 22 தீர்த்தக் கிணறுகளிலும் நீராட வேண்டும் என்றால் காலையைக் கோயிலுக்குக் கொடுத்துவிட்டு, தனுஷ்கோடியை முதல் நாள் பிற்பகல் 3 மணிக்கு வையுங்கள். தீர்த்தமாடும் எண்ணம் இல்லையென்றால் முதல் நாள் மாலை கோயில், மறுநாள் காலை தனுஷ்கோடி. இரண்டாவதுதான் எங்கள் சிபாரிசு.

தீர்த்தமாடுகிறவர்களுக்கு: முதலில் கோயிலுக்குக் கிழக்கே அக்னி தீர்த்தத்தில், அதாவது கடலில், குளியுங்கள். ஈரத் துணியோடு சீட்டு வாங்கி உள்ளே போனால் மகாலட்சுமி தீர்த்தத்தில் தொடங்கி கோடி தீர்த்தத்தில் முடியும். ஒவ்வொரு கிணற்றிலும் வாளியில் இறைத்துத் தலையில் ஊற்றுவார்கள். கல்தரை முழுக்க ஈரம், வழுக்கும். வேகமாக நடக்காதீர்கள், வயதானவர்களின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஜீன்ஸ் போட்டால் தண்ணீரைக் குடித்துக் கனக்கும், காயவே காயாது. அடர்நிறப் பருத்தித் துணிதான் வசதி. ஈரத்தோடு சந்நிதிக்கு விட மாட்டார்கள் என்பதால் மாற்றுத்துணியைப் பிளாஸ்டிக் பையில் தயாராக வைத்திருங்கள். செல்போனுக்கு உள்ளே அனுமதி இல்லை; அறையிலேயே வைத்துவிட்டு வந்தால் காப்பறை வரிசை மிச்சம். மதியம் நடை சாத்துவதற்குள் தரிசனமும் முடிய வேண்டும். அதனால் 5 மணிக்கே கடலில் இருங்கள்.

படி 5: தனுஷ்கோடி

ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனை வரை சுமார் 20 கிலோமீட்டர். நகரப் பேருந்து, ஆட்டோ, வேன் எல்லாம் உண்டு. ஆட்டோவில் போய்த் திரும்பும் வாடகையையும் காத்திருக்கும் நேரத்தையும் ஏறும் முன்பே பேசிவிடுங்கள். சோதனைச் சாவடி பொதுவாகக் காலை 6 மணிக்குத் திறக்கும், மாலை 5 மணிக்கு மேல் உள்ளே விட மாட்டார்கள். முனையில் சூரிய உதயம் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் இதைக் கணக்கில் வையுங்கள்: ஜனவரி, பிப்ரவரியில் உதயம் ஆறரையை ஒட்டி நடப்பதால் சாவடி திறந்ததும் போனால் பிடிக்கலாம். மே, ஜூனில் நீங்கள் சாவடியில் நிற்கும்போதே சூரியன் ஏறிவிடும். அந்த மாதங்களில் அக்னி தீர்த்தக் கரையே போதும்.

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் கட்டாயம். நிழல் கிடையாது. காற்று ஓயாமல் அடிப்பதால் சூடு உறைக்காது, சாயங்காலம்தான் கழுத்தும் காதும் எரியும். நாடா வைத்த தொப்பியாகப் பாருங்கள், சாதாரணத் தொப்பி கடலுக்குப் போய்விடும்.

வழியில் கோதண்டராமர் கோயில். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் தனுஷ்கோடி ஊரே போனது, பயணிகளோடு ஒரு ரயிலும் போனது. இந்தக் கோயில் நின்றது. அதைத் தாண்டினால் பழைய ஊரின் இடிபாடுகள். பெரும்பாலோர் மாதா கோயில் சுவருக்கு முன்னால் படம் எடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். சுவரின் அருகில் போய்ப் பாருங்கள். கட்டியிருப்பது பவளக்கல். ஒவ்வொரு கல்லிலும் பூப்பூவாக, விரல்நுனி அளவில், பவளப்பூச்சி இருந்த குழிகள் வரிசையாகத் தெரியும். உப்புக்காற்று அதைத் தினம் தினம் தின்றுகொண்டிருக்கிறது. ஏறாதீர்கள், பெயர் கீறாதீர்கள், ஒரு துண்டுகூட எடுக்காதீர்கள்.

சாலையின் கடைசிப் பகுதி ஒல்லியான மணல் நாக்கு. வண்டியில் இருந்தபடியே ஒரு பக்கம் அலையும் மறுபக்கம் தட்டையான நீரும் பார்க்கலாம். குளிர்காலத்தில் வடக்குப் பக்க ஆழமில்லா நீரில் பூநாரைகள் கூட்டமாக மேயும். 2025-ல் தமிழக அரசு இதைப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது. தூரத்திலிருந்து பாருங்கள். தொலைநோக்கி இருந்தால் கொண்டுபோங்கள்.

முனையில் ஆளாளுக்குக் கேட்பது: 'இலங்கை எங்கே தெரிகிறது?' தெரியாது. தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர். கரையில் நிற்கிற ஆளின் கண்ணுக்குத் தொடுவானமே ஐந்து கிலோமீட்டர்தான். ஆனால் செல்போனுக்கு இலங்கைக் கோபுரம் எட்டும். ரோமிங்கை அணைக்காமல் விட்டால் கட்டணம் ஏறும் என்பதால் சாவடியைத் தாண்டும் முன்பே அணைத்துவிடுங்கள். எல்லைப் பகுதி என்பதால் அடையாள அட்டை கையில் இருக்கட்டும், ட்ரோனை எடுத்தே போகாதீர்கள்.

இங்கே கடலில் இறங்கக் கூடாது. இரண்டு நீரோட்டங்கள் மோதுகிற இடம். முழங்கால் தண்ணீரில் நிற்கும்போதே காலடி மணல் சரியும். கால் நனைப்பதற்குக்கூட குழந்தையைத் தனியாக விடாதீர்கள்.

காரைத் தார்ச்சாலையை விட்டு மணலில் இறக்காதீர்கள். புதைந்துவிட்டால் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கச் சக்கரம் இன்னும் ஆழமாகப் போகும். சக்கரத்தில் காற்றைப் பாதியாகக் குறைத்து, முன்னால் இருக்கும் மணலைக் கையால் விலக்கி, காருக்குள் விரித்திருக்கும் மிதியடியைச் சக்கரத்தின் அடியில் கொடுத்து, மெதுவாக ஏற்றுங்கள்.

பசித்தால் குடிசைக் கடைகளில் மீன் வறுவல். மீனைக் காட்டச் சொல்லி, விலை பேசி, அப்புறம் வறுக்கச் சொல்லுங்கள். கண் தெளிவாகவும் செவுள் சிவப்பாகவும் இருக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், நாட்டுப்படகு மீன்தான் வரும், வரத்து குறைவு. சிப்பி மாலை, சங்கு வாங்கலாம். பவளம், காய்ந்த கடல்குதிரை யார் விற்றாலும் தொடாதீர்கள். வன உயிரினச் சட்டப்படி வாங்குகிறவரும் குற்றவாளி.

படி 6: திரும்பும் வழி

இரண்டாம் நாள் 11 மணிக்குள் கிளம்பினால் ராமநாதபுரம் பக்கம் ஏதாவது ஒன்றுக்கு நேரம் இருக்கும். ஒன்றே ஒன்றுதான், இரண்டு வைத்தால் ஓட்டமாகிவிடும். குழந்தைகள் குளிக்க வேண்டுமென்றால் வாடை இல்லாத மாதங்களில் அரியமான் கடற்கரை. சவுக்குத் தோப்பு நிழலும் உண்டு. நவகிரகங்களாக வணங்கப்படும், கடலுக்குள் நிற்கும் நவபாஷாணக் கற்களைப் பார்க்க தேவிபட்டினம். ஓவியம் பிடித்தவர்களுக்கு ராமநாதபுரம் அரண்மனையின் ராமலிங்க விலாசம். துடுப்புப் படகு ஓட்ட ஆசை என்றால் பிரப்பன்வலசை, ஆனால் அதைக் காலையிலேயே முடிக்க வேண்டும். பிற்பகல் காற்று எழும்பிவிட்டால் புதியவர்களால் கரைக்குத் திரும்பத் துடுப்புப் போட முடியாது. உயிர்காப்பு அங்கி தராத இடத்தில் ஏறாதீர்கள்.

மதுரை வந்த மறுநாளே வண்டியின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் பீய்ச்சிக் கழுவுங்கள். பைக் என்றால் சங்கிலியைத் துடைத்து எண்ணெய் விடுங்கள். ஒரு வாரம் விட்டால் உப்பு துருவாகிவிடும்.