ஷார்ட்லேக்: திரையில் பார்த்துவிட்டுப் புத்தகம் எடுப்பவர்கள் செய்யும் தவறுகள்

முதலில் என் தவறையே சொல்லிவிடுகிறேன். 2024 மே மாதம் டிஸ்னி பிளஸ்ஸில் 'ஷார்ட்லேக்' தொடர் வந்தது, பதினாறாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் துப்பறியும் ஷார்ட்லேக் என்ற கூன் விழுந்த வக்கீலின் கதை, மொத்தமே நான்கு எபிசோட், ஒரே ராத்திரியில் பார்த்து முடித்துவிட்டு அந்தச் சூட்டோடு சி.ஜே. சான்சம் எழுதிய ஷார்ட்லேக் வரிசையின் முதல் நாவலான 'டிசொல்யூஷ'னை எடுத்தேன். தொடரில் வக்கீலுக்குத் துணையாக வரும் ஜாக் பாரக் எப்போது வருவான் என்று பக்கத்துக்குப் பக்கம் காத்திருந்தேன். கடைசிவரை ஆளைக் காணோம்! நாவலில் வக்கீலுக்குத் துணையாகப் போவது மார்க் போயர் என்ற இளைஞன். பாரக் இரண்டாவது நாவலான 'டார்க் ஃபய'ரில்தான் வருகிறான், தொடர் எடுத்தவர்கள் அவனை மூன்று வருடம் முன்னால் இழுத்து வந்துவிட்டார்கள். இது வெறும் ஆள்மாற்றம் இல்லை. மார்க் அவருக்குக் கிட்டத்தட்ட வளர்ப்புப் பிள்ளை மாதிரி, அதனால் நாவலில் உறுத்துவது பாசமும் ஏமாற்றமும். தொடரில் துணைக்கு வருகிறவன் எட்டாம் ஹென்றி மன்னரின் முதன்மை அமைச்சர் தாமஸ் கிராம்வெல்லின் ஆள், அதனால் அங்கே ஓடுவது சந்தேகம். ஒன்றைப் பார்த்தால் மற்றதன் சுருக்கம் கிடைத்துவிட்டது என்று நினைக்காதீர்கள், இரண்டும் வேறு.

அடுத்தது, 'ஹென்றி மன்னர் மடாலயங்களை மூடினார்' என்று ஒரு வரியில் தாண்டிப் போவது. கதையின் முடிச்சே அங்கேதான் இருக்கிறது. 1536ல் வந்த சட்டம் ஆண்டு வருமானம் 200 பவுண்டுக்குக் குறைவான மடங்களுக்கு மட்டும். அந்த வருடமே வடக்கே பெரிய கிளர்ச்சி வெடித்து அரசு ஆடிப்போனது. பெரிய மடங்களைத் தொடுவதற்கு, முதல் நாவல் நடக்கும் 1537ல் சட்டம் கிடையாது, அது 1539ல்தான் வந்தது. அப்படியானால் என்ன வழி? மடாதிபதியே 'மனமுவந்து' மன்னருக்கு எழுதிக்கொடுத்ததாகப் பத்திரத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். மிரட்டித்தான் வாங்குவார்கள், ஆனால் பத்திரத்தில் மனமுவந்து என்றுதான் இருக்கும். சசெக்ஸ் கடலோரத்து ஸ்கார்ன்சீ மடத்துக்கு அப்படிப் போன ஆணையரின் தலையை யாரோ சீவிவிடுகிறார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு படித்தால், கிராம்வெல் ஏன் பதறுகிறார், ஏன் ஓசைப்படாமல் ஒரு நிலத்தகராறு வக்கீலை அனுப்புகிறார் என்பது பளிச்சென்று விளங்கும். (ஸ்கார்ன்சீயை மேப்பில் தேடாதீர்கள், கற்பனை ஊர். நான் தேடினேன்.)

பெரிய தவறு ஒன்று இருக்கிறது, நம் சினிமா பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது தானாகவே வரும். வக்கீல் துப்பறிகிறார் என்றதும், கடைசியில் 'கனம் கோர்ட்டார் அவர்களே' என்று எழுந்து நிஜக் குற்றவாளியைக் கூண்டில் ஏற்றுவார் என்று எதிர்பார்ப்பது. அந்தக் கால இங்கிலாந்தில் கொலைக்குற்றம் சாட்டப்பட்டவர் தனக்காகத் தானேதான் பேசியாக வேண்டும். சட்ட நுணுக்கம் ஏதாவது கிளம்பினால் ஒழிய வக்கீலுக்கு அங்கே வாயில்லை. ஜூரி முன்னால் வக்கீல் முழுதாக வாதாடும் உரிமை வந்தது 1836ல்தான். 'டார்க் ஃபய'ரில் எலிசபெத் என்ற பெண் தன் அப்பாவுடன் பிறந்தவரின் மகனைக் கிணற்றில் தள்ளிக் கொன்றதாக நியூகேட் சிறையில் கிடக்கிறாள், வாயே திறக்க மாட்டேன் என்கிறாள். குற்றவாளியா இல்லையா என்று பதில் சொல்லாவிட்டால் வழக்கே நடத்த முடியாது. அதனால் ஆளைப் படுக்கவைத்து மேலே பாரம் ஏற்றிக்கொண்டே போவார்கள், பேசு, இல்லையென்றால் சாவு. 1772 வரை இது சட்டத்தில் இருந்தது. ஷார்ட்லேக் பக்கம் பக்கமாக வாதாடுவதில்லை, அந்தப் பாரத்தைச் சில நாள் தள்ளிப்போடப் பாடுபடுகிறார், அந்த அவகாசத்துக்கு விலையாக கிராம்வெல் வேறொரு வேலையை அவர் தலையில் கட்டுகிறார். நீதிமன்றக் காட்சி எங்கே என்று தேடிக்கொண்டிருந்தால் இந்த மூச்சுமுட்டல் கையைவிட்டுப் போய்விடும்.

ஷார்ட்லேக்கின் கூனைக் கதாபாத்திரத்துக்கு ஒட்டவைத்த அடையாளமாக எடுத்துக்கொள்வதும் தவறுதான். கூனன் எதிரே வந்தால் அபசகுனம் என்று முகம் திருப்பும் ஊர் அது (நமக்கு ஒன்றும் புதிதில்லை). மூன்றாவது நாவலான 'சாவரி'னில், 1541ல் யார்க் பக்கம் மன்னரை வரவேற்க ஊரே கூடி நிற்கும்போது எட்டாம் ஹென்றி எல்லார் முன்னாலும் இவர் உடம்பைக் கேலி செய்கிறார். கூட்டம் சிரிக்கிறது. மன்னரின் மதச் சீர்திருத்தத்தை நம்பி வந்த மனிதருக்குள் அந்தச் சிரிப்பு எதையெல்லாம் உடைக்கிறது என்பதை அடுத்த நாவல்கள் முழுக்கப் பார்க்கலாம். திரையில் ஷார்ட்லேக்காக நடித்த ஆர்தர் ஹியூஸ் தானே ஒரு கையில் குறைபாட்டோடு பிறந்தவர், 2022ல் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியில் மூன்றாம் ரிச்சர்டாகவும் நடித்தவர். சில காட்சிகளில் அவர் வாயே திறக்காமல் நிற்பது போதும்.

சின்னச் சின்னக் குழப்பங்களும் உண்டு. இந்த கிராம்வெல் தாமஸ், மன்னரின் தலையை வாங்கிய ஆலிவர் இவருக்கு ஒரு நூற்றாண்டு பின்னால். அப்புறம், கடைசி நாவலான 'டூம்லேண்ட்' கடையில் தடியாகக் கண்ணில் படுகிறது என்று அதிலிருந்து தொடங்காதீர்கள், 800 பக்கத்துக்கு மேல் போகும். மொத்தம் ஏழு நாவல், வரிசையாகவே படியுங்கள். 1537ல் நம்பிக்கையோடு குதிரை ஏறியவர் 1549ல் நார்ஃபோக் விவசாயிகளின் கலகத்துக்கு நடுவே வந்து நிற்பதற்குள் எவ்வளவு மாறியிருக்கிறார் என்பது வரிசையில் படித்தால்தான் தெரியும்.

இன்னொன்று, நாவலின் கடைசியில் சான்சம் எழுதியிருக்கும் வரலாற்றுக் குறிப்பை ஆர்வக்கோளாறில் முதலிலேயே புரட்டிவிடாதீர்கள். இதே வரிசையில் வரும் 'ஹார்ட்ஸ்டோ'னை நான் அப்படித்தான் கெடுத்துக்கொண்டேன்.